பந்தயக் குதிரையும் குட்டைக் குதிரையும்: பண்ணை தொடங்க நினைக்கும் தம்பதியருக்காக ஓர் ஒப்பாய்வு

சாலாக் செலாத்தானில் எல்.ஆர்.டி. ஏறினால் தெற்கே மூன்றாவது நிலையம் சுங்கை பெசி. சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. 1896இல் தொடங்கிய இந்தக் கிளப் நெடுங்காலம் ஜாலான் அம்பாங்கில் பந்தயம் நடத்தியது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நிற்பது அந்தப் பழைய திடலின் மேல்தான். நகர மையத் திட்டத்துக்கு நிலம் தேவைப்பட்டபோது குதிரைகள் சுங்கை பெசிக்கு இடம்பெயர்ந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குக் குதிரை என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, இந்தப் பந்தயக் குதிரை. மற்றொன்று, தோட்டத்து எல்லைகளிலும் தாமான் ஓரங்களிலும் மதுரை வீரனைச் சுமந்து நிற்கும் வெள்ளைக் குதிரை.

இப்போது மூன்றாவதாக ஒன்று கைப்பேசித் திரை வழியே நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது: மினியேச்சர் குதிரை என்னும் குட்டைக் குதிரை. வளர்ந்த ஆளின் இடுப்பைத் தொடாத உயரம், பிடரி மறைத்த நெற்றி, பெரிய கண்கள். அதைக் காணும் தம்பதியர் சிலருக்கு ஒரு கனவு பிறக்கிறது. நகரத்துக்கு வெளியே கொஞ்சம் நிலம், ஒரு பொலிகுதிரை, நாலைந்து பெட்டைகள். குட்டி எடுத்து விற்கலாம், காட்சிகளுக்குக் கொண்டுபோகலாம், வார இறுதியில் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படிக் கணவனும் மனைவியுமாகத் தொடங்கிய பண்ணைகள் பல உண்டு. அந்தக் கனவை நான் மதிக்கிறேன். மதிப்பதால்தான் அதை நமக்குப் பழக்கமான பந்தயக் குதிரை உலகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தய உலகத்தின் பெரிய பலம் அதன் பதிவேடு. அதன் பெரிய குறை, ஓட்டம் நின்றதும் குதிரையின் மதிப்பும் நின்றுவிடுவது. குட்டைக் குதிரை உலகத்தின் பலம், மனிதரோடு நெடுநாள் சேர்ந்து வாழும் வாழ்க்கை; அதன் குறை, சிறுமையைத் தவிர வேறு எதையும் அளக்காத சந்தை. ஒன்றின் பதிவேட்டையும் மற்றதன் வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டு, இரண்டின் குறைகளையும் விலக்கத் தெரிந்தவர்கள்தான் இங்கே பண்ணை தொடங்க வேண்டும்.

தோற்றம்

இரண்டு குதிரைகளுமே மனிதக் கை செய்தவை. தொரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தில் உருவானது. உலகத்தின் எந்தத் திடலில் ஓடும் தொரோபிரெட்டாக இருந்தாலும், அதன் தந்தைவழி கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்று பொலிகுதிரைகளில் ஒன்றில் போய் முடியும்: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தது கடிகாரம். வேகமாக ஓடியதற்கு வாரிசு கிடைத்தது, ஓடாததற்குக் கிடைக்கவில்லை.

குட்டைக் குதிரையின் புகழ்பெற்ற வம்சம் அர்ஜென்டினாவில் பிறந்தது. பேட்ரிக் நியூட்டால் என்பவர் 1868 வாக்கில் அங்கே சிறிய குதிரைகளைச் சேர்த்து இனவிருத்தியைத் தொடங்கினார். அந்த மந்தை அவருடைய மருமகன் ஹுவான் ஃபலபெலாவின் கைக்கு வந்தது. அவர் ஷெட்லாந்து, வெல்ஷ் மட்டக்குதிரைகளின் இரத்தத்தையும், சிறிய தொரோபிரெட்களின் இரத்தத்தையும் கலந்தார். நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்து உயரத்தைக் குறைத்தார். 1940களில் ஹூலியோ சேசார் ஃபலபெலா முறையான பதிவேட்டை ஏற்படுத்தினார். முதலில் 40 அங்குலத்துக்குள், பிறகு வந்தவர்கள் காலத்தில் 34 அங்குலத்துக்கும் கீழ் என்று உயரம் நிலைபெற்றது. அமெரிக்காவில் ஷெட்லாந்து மட்டக்குதிரைச் சங்கம் 1972இல் குட்டைக் குதிரைகளுக்குத் தனிப் பதிவேடு திறந்தது. 1978இல் அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் தனியாகத் தொடங்கப்பட்டது. அதன் வரம்பு 34 அங்குலம், அதாவது சுமார் 86 சென்டிமீட்டர். மற்றக் குதிரைகளுக்குத் தோள்மேட்டில் அளப்பார்கள். இதற்கோ பிடரி மயிர் முடியும் இடத்தில் அளவுநாடாவை வைப்பார்கள்.

இந்த இரு தோற்றங்களையும் அருகருகே வைத்தால் ஒரு முக்கியமான வேறுபாடு புலப்படும். வேகத்துக்குத் தன்னளவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கால் எலும்பு வலுவில்லாத, நுரையீரல் சுருங்கிய குதிரை ஓட்டத்தில் தோற்கும். தோற்றதன் வம்சம் பெருகாது. அதனால் பந்தயக் குதிரையின் உடலை ஓட்டமே ஓரளவு சோதித்துக்கொள்கிறது. குட்டைத்தன்மைக்கு அப்படி ஒரு சோதனை கிடையாது. வளைந்த காலும் பொருந்தாத தாடையும் உள்ள குட்டிகூட அளவுநாடாவுக்கு முன்னால் ‘இன்னும் சிறியது’ என்ற பாராட்டைப் பெற்றுவிடும். அங்கே வளர்ப்பவரின் மனச்சாட்சிதான் கட்டுப்பாடு.

தமிழர் நிலத்தில் இதற்கு வேறொரு உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறிப் போகும் நெடுந்தீவில் மட்டக்குதிரைகள் காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று அடுத்தடுத்து வந்த ஆட்சிகளின் குதிரை வளர்ப்பு விட்டுப்போன சந்ததி அது. பழைய லாயத்தின் இடிபாடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளக்கல் நிலம், கோடையில் வற்றும் தண்ணீர். அந்தக் குதிரைகளைத் தேர்ந்தெடுப்பது தாகம். தாகத்தில் ஒன்று செத்தால் அதற்குப் பொறுப்பேற்க ஒரு வீட்டுக்காரர் இல்லை. மனிதன் படைத்துவிட்டுக் கைவிட்ட குதிரையின் நிலை அதுதான். பண்ணை தொடங்குபவர்கள் நெடுந்தீவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பதிவேடு

தொரோபிரெட்களுக்கான பொதுப் பதிவேடு இங்கிலாந்தில் 1791இல் வெதர்பி குடும்பத்தாரால் தொடங்கப்பட்டது. இன்று அந்த வழியில் வந்த பதிவேடுகள் பல நாடுகளில் உள்ளன. குட்டி பிறந்தவுடன் மரபணுச் சோதனையால் தாய் தகப்பன் உறுதி செய்யப்படுகிறது. கழுத்தில் மைக்ரோசிப் வைக்கப்படுகிறது. குதிரைக்கென ஒரு கடவுச்சீட்டு எழுதப்படுகிறது. செயற்கைக் கருவூட்டல்கூட அந்த இனத்துக்கு அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ சுங்கை பெசிக்கு வந்து இறங்கும் குதிரையின் முப்பாட்டன் பெயர் வரை தெரியும்.

குட்டைக் குதிரைக்கும் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பதிவு உண்டு. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே ‘மினி’ என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் பதிவுள்ளவை ஆகா. ஆறு மாதக் குட்டி எவ்வளவு வளரும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தாயின் உயரமும் தகப்பனின் உயரமும் எழுதிவைக்கப்பட்டிருந்தால்தான் ஓரளவு கணிக்கலாம். இல்லையென்றால் குட்டைக் குதிரை என்று வாங்கியது இரண்டு வருடத்தில் சாதாரண மட்டக்குதிரையாக வளர்ந்து நிற்கும்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில், அனுபவசாலிகள் பல் பார்ப்பார்கள், நடை பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். அந்தக் கண்ணுக்கு மதிப்பு உண்டு. ஆனால் குட்டைக் குதிரையின் மிகப் பெரிய ஆபத்து எந்தச் சுழியிலும் தெரியாது. குருத்தெலும்பு உருவாக உதவும் அக்ரிகன் என்ற புரதத்துக்கான மரபணுவில் நான்கு பழுதுகள் இந்த இனத்தில் கண்டறியப்பட்டுள்ளன. ஒரே ஒரு பழுதைச் சுமக்கும் குதிரை பார்வைக்கு முழு ஆரோக்கியமாகவே இருக்கும். அப்படிச் சுமக்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஒவ்வொரு சினையிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குட்டி எலும்பு குறுகிய குள்ளமாகப் பிறக்கலாம் அல்லது கருவிலேயே அழியலாம். பிழைத்துப் பிறந்தால் புடைத்த நெற்றி, முன்தள்ளிய கீழ்த்தாடை, கோணிய கால்கள், மூச்சுத் திணறல் என்று அதன் வாழ்நாள் முழுவதும் வலிதான்.

மயிர்க்கால் சிலவற்றைப் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் இந்தப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். அதைச் செய்யாமல் ஆணையும் பெண்ணையும் சேர்ப்பது, தெரிந்தே ஓர் உயிரை வேதனைக்குள் பிறக்கவைப்பது.

உலகின் மிகச் சிறிய குதிரை என்று 2006இல் கின்னஸ் புத்தகம் பதிவு செய்த தம்பெலினா, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு தம்பதியரின் குட்டைக் குதிரைப் பண்ணையில் 2001இல் பிறந்தவள். உயரம் 44.5 சென்டிமீட்டர். அவள் எலும்புக் குறுக்கத்தோடு பிறந்தவள். அவளை அன்போடு வளர்த்தார்கள், மருத்துவமனைகளில் இருந்த குழந்தைகளிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஆனால் உலகம் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம் தவறானது: எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிசயம், எவ்வளவு அதிசயமோ அவ்வளவு விலை. பிறந்துவிட்ட தம்பெலினாவுக்கு அன்பு செய்வது கடமை. இன்னொரு தம்பெலினாவைப் பிறக்கவைக்க ஆசைப்படுவது பிழை.

உடலும் தீனியும்

பந்தயக் குதிரை சுமார் 160 சென்டிமீட்டர் உயரம், 500 கிலோ எடை. குட்டைக் குதிரை 86 சென்டிமீட்டருக்குள், 70 முதல் 110 கிலோ. எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் செலவும் ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போடுபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

தீனியில் அந்தக் கணக்கு உண்மைதான். கடும் பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரை நாளுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் தின்னும். அதில் பாதி வரை தானியமாக இருக்கும். குட்டைக் குதிரைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ உலர்புல் போதும். தானியம் பெரும்பாலும் தேவையில்லை. இங்கேதான் அன்பு விஷமாகிறது. பார்க்க வருபவர் ஒவ்வொருவரும் ஒரு ரொட்டித் துண்டு, ஒரு வாழைப்பழம் கொடுத்தால் குதிரை கொழுக்கும். கொழுத்தால் குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்க முடியாமல் போகும். அதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. நோயாலோ பயத்தாலோ ஓரிரு நாள் தின்னாமல் இருந்தால், உடலில் சேர்ந்த கொழுப்பு கட்டுக்கடங்காமல் இரத்தத்தில் கலந்து கல்லீரலைத் தாக்கும். பெரிய குதிரையைவிடக் குட்டைக் குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் இந்த நோய் அதிகம் வரும். ‘இன்றைக்குக் கொஞ்சம் சோர்வாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட இடமே இல்லை.

மருத்துவச் செலவு ஐந்தில் ஒன்றாகக் குறைவதில்லை. கால்நடை மருத்துவர் வந்து போகும் கூலி குதிரையின் உயரத்தைப் பார்ப்பதில்லை. லாடம் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கியாக வேண்டும். தாடை சுருங்கிய அளவுக்குப் பற்கள் சுருங்குவதில்லை என்பதால் பல் நெருக்கம் அதிகம். பல் வைத்தியம் தவிர்க்க முடியாதது.

பிரசவம் தனிக் கவலை. சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். குட்டியின் தலை தாயின் இடுப்புக்குப் பெரிதாக இருப்பதால் சிக்கல் நேரும் வாய்ப்பு பெரிய குதிரைகளைவிட அதிகம். குதிரை பெரும்பாலும் இரவில்தான் ஈனும். தொடங்கிவிட்டால் அரைமணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். சினை முதிர்ந்த நாள்களில் கணவனும் மனைவியும் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். தம்பதியர் பண்ணை என்ற ஏற்பாடு குட்டைக் குதிரைக்குப் பொருந்தி வருவதற்கு இந்த இரவுக் காவலும் ஒரு காரணம். பந்தய லாயத்தில் இதைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்வார்கள்.

நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இரண்டுமே வெளியாள்கள். வெப்பமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்ட பந்தயக் குதிரைகளில்தான் வியர்வை அறவே நின்றுபோகும் நோயை ஆங்கிலேய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். அதனால்தான் பந்தயத் திடல்களில் பயிற்சி விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிகிறது. ஷெட்லாந்து இரத்தம் கலந்த குட்டைக் குதிரைக்கு அடர்ந்த மயிர்ப்போர்வை உண்டு. குளிர்த்தீவில் வாழ்ந்த முன்னோர் தந்த அந்தப் போர்வையை இங்கே கத்தரிக்க வேண்டும். நிழல், காற்றாடி, உப்புக்கட்டி, எப்போதும் தண்ணீர் என்று நாள் முழுவதும் ஏற்பாடு வேண்டும்.

பூச்சி வழியே வரும் நோய்களையும் மறக்கக் கூடாது. 2020இல் ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய் தாய்லாந்தில் புகுந்து 500க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது. அதே ஆண்டு மலேசியாவிலும் நோய் கண்டது. கொசுவைவிடச் சிறிய ஈ அதைப் பரப்புகிறது. இந்த மாதிரி நேரத்தில் எல்லைகள் மூடப்படும், இறக்குமதி நிற்கும். ஒரே பொலிகுதிரையை நம்பி இனவிருத்தி தொடங்கிய பண்ணை, வெளி இரத்தம் கிடைக்காமல் தகப்பனையும் மகளையும் சேர்க்கும் நிலைக்கு இரண்டாம் தலைமுறையிலேயே வந்துவிடும்.

களம்

பந்தயத்தில் தீர்ப்பு ஒரே கேள்வியில் முடிகிறது: யார் முதலில் கோட்டைத் தாண்டினார்? காட்சியில் கேள்விகள் பல. அமெரிக்கக் குட்டைக் குதிரைக் காட்சிகளில் கயிற்றில் பிடித்து நடத்திக் காட்டும் பிரிவு உண்டு. சிறிய வண்டி பூட்டி ஓட்டும் பிரிவு உண்டு. ஆள் பக்கத்தில் ஓடக் குதிரை தனியே தடை தாண்டும் பிரிவு, இசைக்கேற்பக் கட்டின்றி ஓடவிடும் பிரிவு, பிள்ளைகள் குதிரையோடு வேடமணிந்து வரும் பிரிவு என்று நீள்கிறது. பெரியவர் யாரும் குட்டைக் குதிரையின் மேல் ஏற முடியாது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான விதி. 90 கிலோ குதிரைக்கு அது 18 கிலோ; நாலைந்து வயதுப் பிள்ளையோடு சவாரி முடிந்துவிடும். சந்தைகளிலும் விழாக்களிலும் பத்து வயதுப் பிள்ளையைக் குட்டைக் குதிரை மேல் ஏற்றிப் படம் எடுப்பது அதன் முதுகெலும்புக்குச் செய்யும் கொடுமை.

அமெரிக்கச் சங்கத்தின் தரவிதி முழுமையான உடலமைப்பும் மிகச் சிறிய உருவமும் சேர்ந்த குதிரையை இலக்காக வைக்கிறது. நலமும் சமநிலையும் முதலில். அவையெல்லாம் ஏறக்குறைய சமமாக இருந்தால் மட்டுமே சிறியதற்கு முன்னுரிமை. குள்ளக் குறைபாடுள்ளது களத்தில் ஏற முடியாது. காட்சி நடுவர் வாயைத் திறந்து பற்களின் பொருத்தத்தைப் பார்க்கிறார், கால்கள் நேராக உள்ளனவா என்று பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். பந்தயக் குதிரையை ஓட்டம் சோதிப்பதுபோல் குட்டைக் குதிரையைச் சோதிப்பது இந்தக் காட்சிக் களம்தான்.

மலேசியாவுக்கு இந்த ஒப்பீடு சொல்லும் முக்கியமான செய்தி இதுதான். களம் உள்ள நாட்டில் குட்டியின் விலையைத் தாயும் தகப்பனும் காட்சியில் பெற்ற தகுதி தீர்மானிக்கிறது. களம் இல்லாத இடத்தில் விலையை அளவுநாடாவும் நிறமும் கைப்பேசிப் படமும் தீர்மானிக்கும். அந்த விலை வளர்ப்பவரைக் குறைபாட்டை நோக்கித்தான் தள்ளும். ஆகவே இங்கே முதலில் வேண்டியது களம். குட்டிகள் அதற்குப் பிறகு. பத்துக் குதிரைகள் கூடும் ஒரு சிறிய காட்சி போதும். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பீடம் இருக்கிறது. அதுவும் சுங்கை பெசிக்கு அருகில்தான். அத்தகைய மருத்துவர்களை நடுவர்களாக அமர்த்தி, உடல்நலத்துக்கே முதல் மதிப்பெண் தரும் விதிகளை நாமே எழுதிக்கொள்ளலாம். மீசை மயிரை மழித்து அழகு காட்டும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே விலக்கலாம். குதிரைக்கு அது தொடுவுணர்வு தரும் உறுப்பு. சர்வதேசக் குதிரை விளையாட்டுச் சம்மேளனம் அதை மழிப்பதை 2021இலிருந்து தடைசெய்துவிட்டது.

நிலமும் பணமும்

பந்தயத்துக்கு நிலம் பெரிதாக வேண்டும். அந்த நிலமே அதற்கு எமனாகிவிட்டது. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப் கிராஞ்சித் திடலில் தன் கடைசிப் பந்தயத்தை 2024 அக்டோபர் 5ஆம் நாள் நடத்தியது. நிலம் வீடமைப்புக்காக அரசிடம் போகிறது. 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப் 2025இல் பந்தயங்களை முடித்துக்கொண்டது. சென்னை கிண்டியில் ரேஸ் கிளப்புக்குத் தந்திருந்த குத்தகையைத் தமிழக அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. நிலம் வழக்குக்குள் போனது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் சூதாட்டம் ஆகாது என்று அதே சென்னைக் கிளப் தொடர்பான வேறொரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்திருந்தது. சட்டத்தில் வென்ற பந்தயம் நிலத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறது.

பந்தயத்தின் பணம் பந்தயம் கட்டுபவரிடமிருந்து வருகிறது. அந்தப் பணம்தான் மருத்துவருக்கும் ஆய்வகத்துக்கும் குதிரைக்காரருக்கும் சம்பளம் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நம் குடும்பங்களில் ரேஸ் பணம் வீட்டுக்குள் வந்த கதையைவிட வீட்டைவிட்டுப் போன கதைதான் அதிகம். குட்டைக் குதிரைப் பண்ணை இந்தப் பாவத்திலிருந்து விடுபட்டது. சில குதிரைகளுக்கு ஓர் ஏக்கர் போதும். உலு லங்காட், செமினி, கோலசிலாங்கூர் பக்கம் விவசாய நிலத்தில் அது நடக்கக்கூடியதே. விலங்குகளை வைத்துத் தொழில் செய்ய 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். கால்நடைச் சேவைத் துறையிடம் முன்கூட்டியே போய்க் கேட்பது நல்லது.

வருமானத்தைப் பற்றி மட்டும் நேர்மையாகப் பேச வேண்டும். வருடத்துக்கு ஒரு பெட்டை ஒரு குட்டிதான் போடும்; ஒவ்வொரு வருடமும் போடும் என்ற உறுதியும் இல்லை. நாலு பெட்டை வைத்துக் குட்டி விற்றுக் குடும்பம் நடத்தலாம் என்பது கணக்கில் நிற்காது. அமெரிக்காவிலும் பெரும்பாலான தம்பதியர் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் பண்ணை நடத்துகிறார்கள்.

வாழ்நாள்

பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. அதன் முதுகெலும்பு முழுவதுமாக முற்றுவதற்கு ஐந்தாறு வயது ஆகும். பத்து வயதுக்கு முன்பே ஓட்டம் முடிந்துவிடும். வாழ்நாளோ 25 வருடத்துக்கு மேல். எஞ்சிய 15 வருடத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பந்தய உலகம் எந்த நாட்டிலும் முழுமையான பதில் சொன்னதில்லை.

குட்டைக் குதிரை 25 முதல் 35 வருடம் வாழும், ஏறக்குறைய கடைசி வரை வேலையும் செய்யும். அந்த வேலை என்ன என்பதை இரண்டு தம்பதியர் காட்டியிருக்கிறார்கள். வட கரோலினாவில் ஜேனட் பர்ல்சனும் டான் பர்ல்சனும் 1999இல் வழிகாட்டிக் குதிரை அறக்கட்டளையைத் தொடங்கிப் பார்வையற்றோருக்குக் குட்டைக் குதிரைகளைப் பழக்கினார்கள். ஃபுளோரிடாவில் ஒரு தம்பதியர் நடத்தும் ஜென்டில் கேரசல் என்ற தொண்டு நிறுவனம் மருத்துவமனைகளுக்கும், பேரிடர் கண்ட ஊர்களுக்கும் குட்டைக் குதிரைகளைக் கொண்டுபோகிறது. வழுக்கும் தரையில் நடக்க அவற்றுக்குச் சின்னக் காலணிகள் உண்டு.

நாய்க்குப் பதில் குதிரை ஏன்? மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் பார்வையற்ற முஸ்லிம் பெண்ணொருவர், பெற்றோர் வீட்டில் நாய் வளர்க்க விரும்பாததால் குட்டைக் குதிரையைத் துணையாகப் பெற்றார். இங்கிலாந்தில் நாய்க்கு அஞ்சும் பார்வைக் குறையுள்ள இளைஞர் ஒருவருக்கு ஒரு குட்டைக் குதிரை பழக்கப்பட்டது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டவிதிகள் 2011 மார்ச்சிலிருந்து நாயோடு குட்டைக் குதிரையையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நாயைப் பற்றிய சமய உணர்வு மிகுந்த மலேசியாவில் இது கவனத்துக்குரிய செய்தி.

ஆனாலும் இங்கே வழிகாட்டிக் குதிரைகளை உருவாக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். அடுக்குமாடி வீட்டில் குதிரை வாழ முடியாது. திடீர்ச் சத்தத்துக்கு ஓடுவது அதன் பிறவிக்குணம். நம் நடைபாதைகள் மனிதருக்கே போதுமானவையாக இல்லை. நம்மால் செய்யக்கூடியது வேறொன்று. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைக்கு 160 சென்டிமீட்டர் பந்தயக் குதிரை ஒரு சத்தம், ஒரு வாசனை, கைக்கெட்டிய இடத்தில் ஒரு தோல், அவ்வளவுதான். 86 சென்டிமீட்டர் குதிரையை அந்தப் பிள்ளை மூக்கிலிருந்து வால் வரை, காதிலிருந்து குளம்பு வரை தன் இரண்டு கையால் முழுவதும் தெரிந்துகொள்ள முடியும். சிறியதாக இருப்பதால் இந்த விலங்கு தரக்கூடிய உண்மையான நன்மை அதுதான். இப்படிப்பட்ட வேலைக்குக் குட்டி போடத் தேவையில்லை. அமைதியான, காயடிக்கப்பட்ட ஆண்குதிரைகள்தான் பொருத்தமானவை.

முடிவு

ஆறு நிலைகளில் இரண்டையும் பார்த்தோம். தோற்றத்தில், வேகத்துக்கு இயல்பான கட்டுப்பாடு உண்டு, சிறுமைக்கு இல்லை. பதிவேட்டிலும் களத்திலும் பந்தய உலகம் முன்னோடி. நிலத்திலும் பணத்திலும், அது தேய்ந்துகொண்டிருக்கும்போது குட்டைக் குதிரைக்கு இடம் இருக்கிறது. வாழ்நாளில், குட்டைக் குதிரை உலகம் தெளிவாக மேலானது.

எனவே பண்ணை தொடங்க நினைக்கும் தம்பதியருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில், காயடித்த இரண்டு குதிரைகள். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. ஒன்றை மட்டும் தனியே வைப்பது அதற்குத் தண்டனை. வெயிலையும் மழையையும் நோயையும் அவற்றோடு சில வருடம் வாழ்ந்து பழகிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் உங்களைப் போன்ற மற்ற வளர்ப்பவர்களோடு சேர்ந்து ஒரு பொதுப் பதிவேடு தொடங்குங்கள்; ஒவ்வொரு குதிரைக்கும் உயரம், தாய் தகப்பன், மரபணுச் சோதனை முடிவு, மைக்ரோசிப் எண் எழுதப்படட்டும். பிறகு மருத்துவர் நடுவராக இருக்கும் சிறிய காட்சி ஒன்றை நடத்துங்கள். அதற்கும் பிறகே பெட்டைகளையும் பொலிகுதிரையையும் பற்றி யோசியுங்கள். குட்டியை விற்கும்போது, வாங்கியவரால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் திரும்ப ஏற்றுக்கொள்வோம் என்று எழுதிக்கொடுங்கள். ஐம்பது வயதில் வாங்கும் குட்டி உங்கள் எண்பது வயதிலும் உயிரோடிருக்கலாம். அதை அடுத்து யார் பார்த்துக்கொள்வார் என்பதை வாங்கும் நாளிலேயே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

இத்தனை நிபந்தனையா என்று கேட்கலாம். பந்தயக் குதிரைக்கு ஒரு கிளப், ஒரு சட்டம், ஒரு மருத்துவமனை, நூற்றாண்டு கண்ட பழக்கவழக்கம் என்று பெரிய ஏற்பாடே பின்னால் நிற்கிறது. குட்டைக் குதிரைக்குப் பின்னால் அந்தக் கணவனும் மனைவியும் மட்டுமே நிற்கிறார்கள். அதனால் அவர்களின் பொறுப்பு பந்தயக் கிளப்பின் பொறுப்பைவிடப் பெரியது. அதைத் தாங்கத் துணிந்த தம்பதியர் தாராளமாகத் தொடங்கலாம். அவர்களுடைய பதிவேட்டில் முதல் பெயர் எழுதப்படும் நாளில் இந்த நாட்டில் குட்டைக் குதிரை வளர்ப்பு முறையாகத் தொடங்கியதாக நாம் சொல்லிக்கொள்ளலாம்.